யூரியா மூட்டையும் கூடவே ஒரு பாட்டிலும்: இயங்குதளத்தோடு உலாவி வந்தால் போட்டி கெடுமா? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

போன கார் சாகுபடியில் மேலுரம் போடுவதற்காக என் மச்சான் புளியரைப் பக்கம் ஒரு உரக்கடைக்குப் போனார். இரண்டு மூட்டை யூரியா கேட்டார். 45 கிலோ மூட்டை, அரசு விலை 266 ரூபாய் 50 காசு. கடைக்காரர் மூட்டைகளை இறக்கிவிட்டு, பச்சைத் திரவம் நிறைந்த ஒரு பாட்டிலையும் பக்கத்தில் வைத்தார். "இதையும் சேத்து எடுத்தாத்தான் பில்லு போட முடியும் அண்ணாச்சி." பாட்டிலின் விலை ஒரு மூட்டையின் விலையைவிட அதிகம். மச்சானுக்கு அது தேவையில்லை. ஆனால் பயிர் காத்திருக்காதே, வாங்கிக்கொண்டு வந்தார். அந்தப் பாட்டில் இன்னமும் எங்கள் மாடிப்படிக்கு அடியில் மூடி திறக்காமல் கிடக்கிறது.

அதே வாரம் எனக்கு இரண்டு கேள்விகள் வந்தன. ஒன்று, நெல்லையில் சட்டம் படிக்கும் எங்கள் தெருப் பெண்ணிடமிருந்து. கல்லூரி விவாதத்துக்குத் தலைப்பு: 'இயங்குதளத்தோடு உலாவியைச் சேர்த்துக் கொடுப்பது நியாயமான போட்டியைக் கெடுக்கிறது.' அவளுடைய குழப்பம் இது: "கெடுக்குதுன்னு பேசினா, அப்ப பிரவுசரே இல்லாம லேப்டாப்ப விக்கச் சொல்றியான்னு கேப்பாங்களே மாமா?" இன்னொன்று ஆரியங்காவிலிருந்து. தோட்டத்துத் தமிழ்க் குடும்பப் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு வாசகசாலை நடத்துகிறார் நண்பர். ஆறு பழைய கணினிகள் வாங்கியிருக்கிறார். "கூட வந்த பிரவுசரே இருக்கட்டுமா அண்ணாச்சி, மாத்தணுமா?"

செங்கோட்டை பேருந்து நிலையத்துப் பக்கம் 2001-இலிருந்து கடை வைத்திருக்கிறேன். முதலில் பிரவுசிங் சென்டர், இப்போது விற்பனையும் சர்வீஸும். உலாவி என்று எழுதுவோம், கடையில் எல்லோருக்கும் அது பிரவுசர்தான். இயங்குதளம் என்றால் விண்டோஸ், ஆண்ட்ராய்டு மாதிரி கணினியையோ போனையோ ஓட்டும் அடிப்படை மென்பொருள். இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன், ஏனென்றால் 'கெடுக்கிறதா இல்லையா' என்று நின்றுவிட்டால் பாதிக் கேள்விதான் முடியும். கெடுக்கிறது என்றால் என்ன செய்வது? அதற்கு நான்கு வழிகள் பேசப்படுகின்றன. நான்கையும் உலகத்தில் எங்கேயோ ஓரிடத்தில் செய்து பார்த்துவிட்டார்கள்.

## எதை வைத்து அளப்பது

உரக்கடைக்கே திரும்பலாம். மூட்டையைத் தைத்த நூலும் யூரியாவோடுதான் வருகிறது. அதை யாரும் குறை சொல்வதில்லை, நூல் இல்லாவிட்டால் மூட்டையே இல்லை. பாட்டில் வேறு கதை. ஆக, கூடவே வரும் பொருள் நூலா பாட்டிலா என்று கேட்பது முதல் வேலை. பிரவுசரில் தகராறு என்னவென்றால், 1996-இல் அது பாட்டிலாக இருந்தது, இன்றைக்குக் கிட்டத்தட்ட நூலாகிவிட்டது. பிரவுசர் இல்லாத கணினியை இன்று யாரும் கணினி என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பாட்டிலுக்கு மச்சான் காசு கொடுத்தார். பிரவுசர் இனாம். அதனால் நட்டம் வாங்கியவர் சட்டைப்பையில் தெரியாது, வேறெங்கோ தேட வேண்டும்.

நான் வைத்துக்கொண்ட அளவுகோல்கள் இவை:

1. புதிதாக வருகிறவனுக்கு வழி இருக்கிறதா? இதற்கு நம்மூர்ப் பரிசோதனையே இருக்கிறது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ 2023-இல் 'உலா' என்ற பிரவுசரை வெளியிட்டது. மத்திய அரசின் இந்திய பிரவுசர் போட்டியில் அதற்கு 2025-இல் முதல் பரிசாக ஒரு கோடி ரூபாயும் கிடைத்தது. (நான் அதைப் பயன்படுத்துவதில்லை, விளம்பரம் என்று நினைக்க வேண்டாம்.) அது ஆரியங்காவில் ஒரு தோட்டத் தொழிலாளியின் போனுக்குள் எப்படிப் போய்ச் சேரும்?
2. கூட வந்ததை நிஜமாகவே கழற்ற முடிகிறதா?
3. வாங்கிய அன்றைக்கே பெட்டி வேலை செய்யுமா?
4. இனாமுக்குப் பின்னால் யார் பணம் யாருக்குப் போகிறது?
5. விதி போட்டால் அதைக் கண்காணிப்பது யார்?

சட்ட மாணவிக்கு ஒரு குறிப்பு: நமது போட்டிச் சட்டம், 2002-இன் 4-ஆவது பிரிவு, பெரியவனாக இருப்பதைக் குற்றமாக்கவில்லை. ஒரு சந்தையில் உள்ள ஆதிக்கத்தை வைத்து இன்னொரு சந்தையில் நுழைவதையும் அங்கே இடத்தைக் காத்துக்கொள்வதையும் போன்ற செயல்களைத்தான் தவறு என்கிறது.

## வழி 1: இருப்பது இருக்கட்டும்

இதற்கு ஆதரவாகப் பேசுகிறவர்களைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. பெட்டியைத் திறந்தால் நெட் வர வேண்டும், அவ்வளவுதான் பெரும்பாலோர் கேட்பது. நான் கடை திறந்த காலத்தில் இண்டர்நெட் என்றால் அந்த நீல 'e' எழுத்துதான், மைக்ரோசாஃப்டின் இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பிரவுசரின் படம். "நீல ஈயை அமுக்குங்க சார்" என்று சொல்லிக்கொடுத்தே எனக்குத் தொண்டை கட்டியது. அந்த ஈ இல்லாவிட்டால் பாதிப் பேர் நெட்டுக்குள்ளேயே வந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த ஈ எப்படி அங்கே வந்து உட்கார்ந்தது என்று பார்க்க வேண்டும். நெட்ஸ்கேப் நேவிகேட்டர் என்ற பிரவுசர் 1994 கடைசியில் வந்து சந்தையைப் பிடித்தது. மைக்ரோசாஃப்ட் 1995-இல் இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைக் கொண்டுவந்தது. விண்டோஸ் 98 வருவதற்குள் அதை இயங்குதளத்தோடு பின்னிவிட்டது. சேர்த்துக் கொடுத்ததோடு நின்றிருந்தால் ஒருவேளை வழக்கே வந்திருக்காது. 1996-இல் காம்பாக் நிறுவனம் தன் கணினிகளில் எக்ஸ்ப்ளோரர் படத்தை எடுத்துவிட்டு நெட்ஸ்கேப்பை வைத்தது. அப்படியானால் விண்டோஸ் உரிமத்தையே ரத்து செய்வோம் என்று மைக்ரோசாஃப்ட் எச்சரித்தது. காம்பாக் பழையபடி வைத்துவிட்டது. உரக்கடையில் மச்சான் நின்ற இடம்தான் அது. விண்டோஸ் இல்லாமல் காம்பாக் கடையைத் திறக்க முடியாது.

'வேண்டுமானால் இறக்கிக்கொள்ளலாமே' என்பார்கள். எங்கள் கடையின் டயல்-அப் மோடத்தில் நொடிக்கு நாலைந்து கேபி வந்தால் அன்றைக்கு நல்ல நாள். 15 எம்பி கோப்பு இறங்க ஒரு மணி நேரம் ஆகும். முக்கால் மணி நேரத்தில் யாராவது போனை எடுத்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே கணினிக்குள் ஏற்கனவே உட்கார்ந்திருப்பது, இணைப்புத் தருபவர் கொடுக்கும் சிடியில் இருப்பது, இந்த இரண்டும்தான் உருப்படியான வழிகள். அமெரிக்க நீதிமன்றமும் அதைத்தான் கண்டது. இரண்டையும் ஒப்பந்தங்களால் அடைத்துவிட்டால் வெளியே நிற்பவன் நல்ல சரக்கு வைத்திருந்து என்ன பயன்?

அமெரிக்க அரசும் மாநிலங்களும் 1998 மே 18 அன்று வழக்குத் தொடுத்தன. நீதிபதி ஜாக்சன் 2000-இல் நிறுவனத்தையே இரண்டாகப் பிரிக்க உத்தரவிட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001 ஜூனில் அந்தப் பிரிப்பை ரத்து செய்தது. செய்தித்தாள் படித்தவர்கள் அதோடு மைக்ரோசாஃப்ட் தப்பித்தது என்று நினைத்துக்கொண்டார்கள். விவாதத்துக்குப் போகிறவள் அதற்கு மேலும் படிக்க வேண்டும். மென்பொருள்களைச் சேர்த்துக் கொடுத்தாலே தவறு என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது, நன்மை தீமைகளை நிறுத்துப் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். அதே தீர்ப்பில், நிரல்களை நீக்கும் பட்டியலிலிருந்து எக்ஸ்ப்ளோரரை விலக்கி வைத்ததும், கழற்ற முடியாதபடி அதன் நிரல்வரிகளை விண்டோஸ் கோப்புகளோடு கலந்ததும் தவறு என்று உறுதி செய்தது. வேறு உலாவியைத் தேர்ந்திருந்தாலும் சில இடங்களில் எக்ஸ்ப்ளோரரே திறப்பதை மட்டும், தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது என்று விட்டுவிட்டது. பாட்டிலை மேசையில் வைத்ததை விட்டுவிட்டு, திருப்பி வைக்க விடாததைப் பிடித்தார்கள்.

இந்த வழியின் மறைந்த செலவு வென்ற பிறகு வந்தது. எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது 2001-இல். அடுத்த பதிப்பு 2006-இல். ஐந்து வருடம் உலகத்தின் பெரும்பாலான கணினிகளில் ஒரே பிரவுசர் அசையாமல் உட்கார்ந்திருந்தது, ஓட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

தமிழ் வாசகருக்கு இதில் தனி அடி. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் பரவாத காலத்தில் ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகைத் தளமும் தனக்கென்று ஒரு எழுத்துரு வைத்திருந்தது. அதை வாசகர் இறக்காமலே காட்ட 'டைனமிக் ஃபாண்ட்' என்ற வித்தை. எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு கோப்பு வகை, நெட்ஸ்கேப்புக்கு வேறு. நெட்ஸ்கேப் செத்ததும் பல தளங்கள் எக்ஸ்ப்ளோரர் வகையை மட்டும் வைத்துக்கொண்டன. 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்தபோது (ஐந்து எம்பிக்கும் குறைவு, கணினி இதழோடு வந்த சிடியில் எனக்குக் கிடைத்தது) ஆசையாக நாலு பெட்டியிலும் போட்டேன். மறுநாள் காலை வழக்கமாகச் செய்தி படிக்க வருகிற ஓய்வுபெற்ற வாத்தியார் திரையைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, பத்திரிகை இன்னிக்கு பிரெஞ்சுல வந்திருக்கு?" என்றார். தலையில் கொம்பு முளைத்த எழுத்துகளாகக் கொட்டிக் கிடந்தது. பத்து நிமிடத்தில் பழையபடி ஈக்கு மாற்றிவிட்டேன். கெட்டிக்காரப் புதியவன் வந்தும் செங்கோட்டையில் உள்ளே நுழைய முடியவில்லை, காரணம் அவன் தரம் இல்லை. பிறகு யூனிகோட் பரவியபோதும் ஃபயர்ஃபாக்ஸ் 2 வரிகளை இரு ஓரமும் சீராக்கினால் தமிழை உடைத்துக் காட்டியது. 'நெருப்பு நரிக்காக ஜஸ்டிஃபை செய்யாதீர்கள்' என்று வலைப்பதிவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட காலம் அது. அது நரியின் சொந்தக் குற்றம்தான், நியாயமாகச் சொல்ல வேண்டும் அல்லவா?

தளங்கள் ஒரு பிரவுசருக்கென்றே கட்டப்படுவது ரயில் பாதையின் அகலம் போல. செங்கோட்டை-புனலூர் மீட்டர் கேஜ் ரயில் 2010-இல் நின்றது. அகலப்பாதையாகி முழுத் தடமும் திரும்ப ஓட 2018 ஆயிற்று. எட்டு வருடம் பேருந்தில் மலை ஏறினோம். எங்கள் கடையிலும் அப்படி ஒரு எட்டு வருடம் உண்டு. ஒரு துறையின் ஒப்பந்தப்புள்ளித் தளம் எக்ஸ்ப்ளோரரின் ஒரு குறிப்பிட்ட பழைய பதிப்பில் மட்டும்தான் டிஜிட்டல் கையெழுத்தை ஏற்கும். அதற்கென்றே மூலையில் ஒரு விண்டோஸ் எக்ஸ்பி பெட்டியைப் புதுப்பிக்காமல் வைத்திருந்தேன். பையன்கள் அதற்குத் 'தாத்தா' என்று பேர் வைத்தார்கள். காண்ட்ராக்டர்கள் கடைசித் தேதியன்று தாத்தாவுக்காக வரிசையில் நிற்பார்கள்.

சரி, எதிர்த்தரப்பின் வலுவான சீட்டு: 2008-இல் வந்த குரோம், விண்டோஸில் கூடவே வராமலே, 2012 வாக்கில் எக்ஸ்ப்ளோரரை முந்திவிட்டது. நல்ல பொருள் எப்படியும் வெல்லும் என்பார்கள். பதில்: குரோமுக்குப் பின்னால் கூகுளின் தேடல் பக்கம் இருந்தது. யானையை இன்னொரு யானைதான் தள்ளியது. அந்த யானை ஆண்ட்ராய்டில் என்ன செய்தது என்பது மூன்றாம் வழியில் வரும்.

எப்போது இந்த வழி போதும்? சேர்த்துக் கொடுப்பவன் ஆதிக்கத்தில் இல்லாதபோது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளப் பள்ளிகளில் அந்த மாநில அரசின் கைட் நிறுவனம் தரும் லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது, ஃபயர்ஃபாக்ஸும் கூடவே வருகிறது. ஆரியங்காவுப் பிள்ளைக்கு நெட் என்றால் நரி. அதுவும் சேர்த்துக் கொடுத்ததுதான். யாரும் புகார் செய்யவில்லை, பிடிக்காவிட்டால் ஒரு வரியில் நீக்கிவிடலாம்.

## வழி 2: பிரவுசரே இல்லாமல் விற்பது

மாணவி பயந்த வழி. பயந்தது சரிதான்.

ஐரோப்பிய ஆணையம் 2004-இல், பாட்டும் படமும் ஓட்டும் மீடியா பிளேயர் விஷயத்தில் இதைச் செய்து பார்த்தது. 49.7 கோடி யூரோ அபராதம், கூடவே மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸ் ஒன்றும் விற்க வேண்டும் என்ற உத்தரவு. விற்றார்கள், அதே விலைக்கு. பாட்டில் வேண்டாம் என்றால் வைத்துவிட்டுப் போ, விலை குறையாது என்றால் யார் வைத்துவிட்டுப் போவார்கள்? சீந்த ஆளில்லை.

2009-இல் பிரவுசர் வழக்கு நடந்தபோது, ஐரோப்பாவுக்கு எக்ஸ்ப்ளோரர் இல்லாத விண்டோஸ் 7 தருகிறோம் என்று மைக்ரோசாஃப்டே முன்வந்தது. சில வாரங்களில் கைவிட்டது. பிரவுசர் இல்லாமல் பிரவுசரை எதில் போய் இறக்குவது? வாங்கியவர் என்னைப் போன்ற கடைக்காரனிடம்தான் வந்து நிற்பார். கடைக்காரன் பென்டிரைவில் எதை வைத்திருக்கிறானோ அதுதான் ஊர் பிரவுசர். கமிஷன் கொடுப்பவனுடையதை வைத்திருப்பான் (என்னையும் சேர்த்தே சொல்கிறேன்). ஆதிக்கம் மைக்ரோசாஃப்ட் இருக்கும் ரெட்மண்டிலிருந்து செங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு மாறும், அவ்வளவுதான் லாபம்.

நூறு கணினிகளுக்கு ஒரே அச்சாக மென்பொருள் ஏற்றும் பெரிய அலுவலகத்துக்கு மட்டும் இது ஒத்துவரும்.

## வழி 3: தேர்வுத் திரை

முதல்முறை திறக்கும்போது 'எது வேண்டும்?' என்று பெயர்களை வரிசையாகக் காட்டுவது. ஓபெரா என்ற பிரவுசர் நிறுவனம் 2007 டிசம்பரில் கொடுத்த புகாரின் விளைவாக ஐரோப்பாவில் 2010 மார்ச்சில் வந்தது. 12 பிரவுசர்கள், அவற்றில் ஐந்து முதல் பார்வையில். யார் முதலில் வருவது என்பது குலுக்கல். குலுக்கும் நிரலிலேயே பிழை இருந்து, சிலருக்குச் சில இடங்கள் அதிகம் விழுந்து, பிறகு திருத்தினார்கள்.

ஐந்தாவது அளவுகோலுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. விண்டோஸ் 7-இன் ஒரு மேம்படுத்தலில் அந்தத் திரை விடுபட்டுப்போனது. 2011 மே முதல் 2012 ஜூலை வரை 14 மாதம் அப்படியே ஓடியது, ஏறக்குறைய ஒன்றரைக் கோடிப் பேருக்குத் திரை வரவில்லை. 2013 மார்ச்சில் 56.1 கோடி யூரோ அபராதம் விழுந்தது. ஐரோப்பிய ஆணையம் இருக்கும், அத்தனை வழக்கறிஞர்களும் அலுவலர்களும் உள்ள பிரஸ்ஸல்ஸிலேயே இந்தக் கதி. இணை உரம் கூடாது என்று அரசு எத்தனை முறை அறிவித்தது? பாட்டில் எங்கள் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது.

இரண்டாவது சிக்கல் கேள்விப்படாத பெயர். செங்கோட்டையில் நாளைக்குத் திரை வந்தால் பத்தில் ஒன்பது பேர் குரோமைத் தொடுவார்கள். விண்டோஸில் அது கூட வருவதில்லை, ஆனாலும் புது லேப்டாப் வாங்குகிறவர் என்னிடம் முதலில் சொல்வது, "அண்ணாச்சி, கூகுளப் போட்டுக் குடுத்துருங்க." தேர்வுத் திரை கொஞ்சமாவது பெயர் தெரிந்த போட்டியாளருக்குத்தான் உதவும். ரஷ்யாவில் 2017-க்குப் பிறகு ஆண்ட்ராய்டில் தேடுபொறித் தேர்வு வந்ததும் அந்நாட்டுத் தேடுபொறியான யாண்டெக்ஸின் பங்கு ஏறியது, காரணம் அங்கே அது வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்.

ஆனாலும் போனில் இந்த வழிக்கு மதிப்பு உண்டு என்றே நினைக்கிறேன். கணினியில் மாற்றிக் கொடுக்கக் கடைக்காரன் இருக்கிறான். போனை அப்படி யாரும் கடைக்குக் கொண்டுவருவதில்லை, வந்தபடியே கடைசிவரை ஓடுகிறது. பிளே ஸ்டோர் வேண்டும் என்றால் தேடலையும் குரோமையும் சேர்த்தே ஏற்ற வேண்டும் என்று கூகுள் போன் தயாரிப்பாளர்களோடு ஒப்பந்தம் வைத்திருந்தது. பிளே ஸ்டோர் இல்லாத போனை யாரும் வாங்க மாட்டார்கள், ஆக அதுதான் யூரியா, மற்றவை பாட்டில்கள். ஐரோப்பா 2018-இல் 434 கோடி யூரோ அபராதம் போட்டது, நீதிமன்றம் 2022-இல் அதை 412.5 கோடியாகக் குறைத்தது. இந்தியாவில் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதற்குப் பிறகு, 2023 ஜனவரியில், இந்தியாவில் போன் தயாரிப்பாளர்கள் கூகுள் செயலிகளுக்குத் தனித்தனியே உரிமம் பெறலாம், தேடுபொறியைப் பயனரே தேர்ந்துகொள்ளலாம் என்று கூகுள் அறிவித்தது. அந்தத் திரையில் இருப்பது தேடுபொறி, பிரவுசர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஐபோனில் திரையால் மட்டும் பயனில்லை. அங்கே எந்த பிரவுசரை ஏற்றினாலும் உள்ளே ஓடுவது, தளத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஆப்பிளின் வெப்கிட் இயந்திரம்தான். மேலே குரோம் சட்டை, உள்ளே சஃபாரி உடம்பு. இதற்கு விதிவிலக்காக ஐரோப்பிய ஒன்றியத்தில் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தால் 2024 மார்ச்சில் வேறு இயந்திரத்துக்கு அனுமதியும் தேர்வுத் திரையும் வந்தன. சில சிறு பிரவுசர்கள் அங்கே ஆள் கூடியதாகச் சொன்னார்கள்.

## வழி 4: சேர்த்துக் கொடு, ஆனால் கழற்ற விடு

எனக்குப் பிடித்தது இது. பெட்டியில் ஒரு பிரவுசர் இருக்கட்டும். ஆனால் அதை முழுதாக நீக்க முடிய வேண்டும், வேறொன்றை ஒரே பொத்தானில் முதன்மையாக்க முடிய வேண்டும், தயாரிப்பாளர் இன்னொன்றைச் சேர்த்துவைத்தால் யாரும் மிரட்டக் கூடாது.

இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியும். விண்டோஸ் 11 வந்த 2021-இல் டிஃபால்ட் பிரவுசரை (தானாகத் திறக்கும் முதன்மை பிரவுசரை) மாற்ற ஒவ்வொரு கோப்பு வகைக்கும் தனித்தனியே போய் மாற்ற வேண்டியிருந்தது. எதிர்ப்பு வந்தபின் 2022-இல் ஒற்றைப் பொத்தான் திரும்பியது. எங்கள் கடையில் ஒரு லேப்டாப்புக்கு ஐந்து நிமிட வித்தியாசம். கடைக்காரன் துணையில்லாத ஆளுக்கு அது செய்வதற்கும் விட்டுவிடுவதற்கும் உள்ள வித்தியாசம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் விற்கும் விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் இப்போதைய பிரவுசரான எட்ஜை முழுதாக நீக்கலாம். நமக்கு அந்த வசதி தரப்படவில்லை. அதே நிரல், அதே நிறுவனம், அட்டைப்பெட்டி போகும் ஊர் மட்டும் வேறு. 'தொழில்நுட்ப ரீதியாகப் பிரிக்கவே முடியாது' என்ற மைக்ரோசாஃப்டின் 1998 வாதத்துக்கு இதற்கு மேல் பதில் வேண்டுமா?

ஆண்ட்ராய்டில் இன்னும் வேடிக்கை. முன்பே ஏற்றிய செயலிகளைப் பயனர் நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்று நமது போட்டி ஆணையமும் உத்தரவிட்டிருந்தது. 2023 மார்ச் 29 அன்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே வைத்துக்கொண்டு நான்கு உத்தரவுகளை மட்டும் நீக்கியது. அந்த நான்கில் இதுவும் ஒன்று. அபராதம் அரசுக்குப் போகும். கழற்றும் உரிமை கைக்கு வந்திருந்தால் நமக்கு.

இந்த வழியின் மறைந்த செலவு பணம் பற்றியது. தடைகளை எல்லாம் நீக்கினாலும், பணம் கொடுத்து டிஃபால்ட் இடத்தை வாங்கலாம். 2021-இல் மட்டும் கூகுள் இப்படித் தேடலுக்காகக் கொடுத்தது 2,630 கோடி டாலர் என்று அமெரிக்க வழக்கில் வெளிவந்தது. தேடலில் கூகுள் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்தது என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில், குரோமை விற்க வேண்டியதில்லை, பணமும் கொடுக்கலாம், ஆனால் 'என்னை மட்டும்தான்' என்ற ஒப்பந்தம் கூடாது என்றார். பணத்தையே ஏன் தடுக்கவில்லை என்று எனக்கும் முதலில் கோபம் வந்தது. பிறகுதான் உறைத்தது, ஃபயர்ஃபாக்ஸை நடத்தும் மோஸில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி அந்த கூகுள் பணம்தான். தடுத்தால் முதலில் சாவது நரி. போட்டியாளனுக்குச் சோறு போடுவதே ஆதிக்கக்காரன் என்றால் எந்த விதியைத் தொட்டாலும் எங்கோ இடிக்கிறது.

இன்னொன்றையும் எந்த வழியும் தீர்க்கவில்லை. எட்ஜ் 2020-இலிருந்து, கூகுள் குரோமுக்கு அடித்தளமான குரோமியம் மேல் ஓடுகிறது. உலாவும் அப்படியே. கதவில் பெயர்ப்பலகைகள் கூடினாலும் உள்ளே சமையல் ஒரே அடுப்பில். எந்தத் தளம் சரியாகத் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது அந்த அடுப்புதான். வாத்தியாரின் 'பிரெஞ்சுப் பத்திரிகை' திரும்ப வராது என்று உறுதி சொல்ல முடியவில்லை.

## ஒரே பார்வையில்

| | இருப்பது இருக்கட்டும் | பிரவுசர் இல்லாமல் | தேர்வுத் திரை | கழற்ற விடு |
|---|---|---|---|---|
| புதியவனுக்கு வழி | குறைவு, பெரிய முதல் வேண்டும் | கடைக்காரன் கையில் | பெயர் தெரிந்தால் உண்டு | உண்டு, மெதுவாக |
| கழற்ற முடியுமா | பெரும்பாலும் இல்லை | கேள்வியே இல்லை | திரை மட்டும் போதாது | முடியும் |
| முதல் நாள் வேலை | ஓடும் | ஓடாது | ஒரு தொடுகையில் ஓடும் | ஓடும் |
| பணம் | டிஃபால்ட்டை வாங்குபவருக்கு லாபம் | கமிஷனுக்கு வாய்ப்பு | குறையும், மறையாது | தனி விதி வேண்டும் |
| கண்காணிப்பு | தேவையில்லை | எளிது | கடினம் | ஓரளவு எளிது, கழலாவிட்டால் பயனரே கண்டுபிடிப்பார் |

## யாருக்கு எது

சட்ட மாணவிக்கு: தலைப்புக்கு ஆதரவாகப் பேசு, ஆனால் 'சேர்த்துக் கொடுப்பது' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்காதே. காம்பாக்கை மிரட்டியது, நீக்கும் பட்டியலில் இல்லாதது, பிளே ஸ்டோரோடு கட்டியது என்று செயல்களாக எடுத்துவை. 'அப்ப பிரவுசர் இல்லாம விக்கணுமா?' என்று கேட்டால் யாரும் சீண்டாத அந்த விண்டோஸ் கதையை நீயே முதலில் சொல்லிவிடு. கேட்டவருக்கு அடுத்த கேள்வி இருக்காது. 2024 மார்ச்சில் வெளியான டிஜிட்டல் போட்டி மசோதா வரைவையும் படித்துவிட்டுப் போ. இயங்குதளமும் பிரவுசரும் அதில் தனித்தனிச் சேவைகளாகப் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. பெரிய நிறுவனங்கள் ஒன்றோடு ஒன்றைக் கட்டாயமாகக் கட்டுவதை முன்கூட்டியே தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. இதை எழுதும்வரை அது சட்டமாகவில்லை.

அரசுக்கு யாராவது எழுதுவதாக இருந்தால்: கணினிக்கு நான்காம் வழி, போனுக்கு மூன்றும் நான்கும் சேர்ந்து. எந்த அரசுத் தளமும் ஒரு பிரவுசருக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதற்கு எந்த நிறுவனத்தோடும் வழக்காட வேண்டியதில்லை.

ஆரியங்காவு நண்பருக்கு: ஆறு பெட்டியிலும் வந்தது இருக்கட்டும், அழிக்க மெனக்கெட வேண்டாம். பள்ளியில் பழகியதால் ஃபயர்ஃபாக்ஸைப் போட்டு அதை முதன்மையாக்குங்கள். மூன்றாவதாக உலாவையும் போடலாம், பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். திரையின் அடியில் மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை அரைநாள்தான், மத்தியானப் பேருந்தில் வருகிறேன். பென்டிரைவ் என்னிடம் இருக்கிறது, கமிஷன் வேண்டாம்.